நூற்றுக்கு இருபத்து மூன்று

குளியலறைக்குள் பாட்டு முடிந்தது. தண்ணீர் நின்றது. ஹாலில் இருந்தவர்கள் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி கைதட்டல் வருமென்று காத்திருந்தார்கள்.

கைதட்டல் வரவில்லை. தேனைக் குழைத்தது போன்ற ஒரு பெண் குரல்தான் ரஷ்ய மொழியில் வந்தது.

"நூற்றுக்கு இருபத்து மூன்று."

அதைத் தொடர்ந்து ஒரு கொட்டாவி. சாதாரணக் கொட்டாவி இல்லை. விடிய விடிய வேலை பார்த்தவன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் விடுவானே, அந்த மாதிரி நீளமான கொட்டாவி. கதவைத் தாண்டி ஹால் முழுக்கக் கேட்டது.

ஒமிர்ஸாக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் தோக்தார்பாய், அவருடைய சம்பந்தி. சரியாகச் சொன்னால், இன்னும் சம்பந்தி ஆகி முடிக்காத சம்பந்தி. வசந்த காலத்திலேயே தோக்தார்பாயின் மனைவி சாலிகா வந்து, ஒமிர்ஸாக்கின் மகள் ஷினாரின் காதில் தோடு போட்டு, பெண்ணைத் தன் மகன் மிராஸுக்கு நிச்சயம் செய்துவிட்டுப் போயிருந்தாள். பாக்கி இருந்தது கல்யாணத் தேதி மட்டும்தான். அதைப் பையனின் அப்பா வாயால் சொல்லவேண்டும். "ஞாயித்துக்கிழமை வர்றேன், குளிச்சிட்டு, டீ குடிச்சிட்டு, தேதியைச் சொல்லிட்டுப் போறேன்" என்று தோக்தார்பாய் சொல்லித்தான் வந்திருந்தார்.

சம்பந்தி வீட்டில் எதற்குக் குளியல் என்று தராஸ் நகரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஜூலை வந்தால் குழாய் பழுது பார்க்கிறோம் என்று நகரத்தில் பாதிக்கு இரண்டு வாரம் வெந்நீரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தப்பட்ட பாதி, துண்டும் சோப்புமாக, நிறுத்தப்படாத பாதியின் வீடுகளுக்குக் கிளம்பும். இந்த வருடம் வெந்நீர் ஒமிர்ஸாக் பக்கம் இருந்தது. வெந்நீரோடு அந்தக் குழாயும் இருந்தது, அதுதான் வினை.

பத்து நாளுக்கு முன்னால் ஷினார் வாங்கி வந்து மாட்டிய ஷவர் அது. பாடகர்கள் பிடித்துக்கொண்டு பாடும் மைக் மாதிரியே இருக்கும். கையில் பிடித்தால் அதன் தலையிலிருந்து தண்ணீர் கொட்டும். கீழ்க்குரலில் பாடினால் தண்ணீர் நீலமாக ஒளிரும், உச்சத்துக்குப் போனால் சிவப்பாகும். திருகை மூடியதும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் சொல்லும். எண்பதைத் தாண்டினால் மைதானமே எழுந்து நின்று கைதட்டும் சத்தம். முப்பதுக்குக் கீழே போனால் கொட்டாவி.

அது வந்ததிலிருந்து வீட்டில் யாரும் ஒழுங்காகக் குளித்துவிட்டு ஒழுங்காக வெளியே வந்ததில்லை. ஷினார் தொண்ணூற்றொன்று வாங்கினாள். "சோப்பு தேயுது, சீக்கிரம் வாங்க" என்று இருபத்தைந்து வருடமாகக் கதவைத் தட்டிய ஒமிர்ஸாக்கின் மனைவி ரபிகா, தாலாட்டுப் பாடி எழுபத்தாறு வாங்கிவிட்டு, இன்னும் நான்கு மார்க்குக்காக ஒரே நாளில் மூன்று முறை குளித்தாள்.

ஒமிர்ஸாக்குக்குப் பாடத் தெரியாது. அவர் தராஸ் ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அறிவிப்பாளர். குழாயைப் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அல்மாத்தியிலிருந்து வரும் விரைவு ரயில் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து சேரும்" என்றார். எண்பத்தெட்டு! மைதானமே கைதட்டியது. தாமதம் சொன்னதற்காக அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கைதட்டல் கிடைத்தது. கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அன்றைக்கே தெரிந்தவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். சம்பந்திக்கும் சொன்னார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

தோக்தார்பாய் பாடுகிறவர். சந்தையில் இறைச்சிக்கு முத்திரை குத்தும் கால்நடை அதிகாரி என்பது அவர் உத்தியோகம். பாட்டுதான் அவர் உயிர். முப்பத்தோரு வருடமாக நகரத்தில் எந்த விருந்திலும் தோம்ப்ராவை எடுத்து இரண்டு தந்தியையும் சுண்டாமல் அவர் எழுந்ததில்லை. தன் குதிரையைப் பற்றி அவரே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. நாற்பது சரணம். குதிரையின் அப்பா, தாத்தா, பாட்டன் எல்லாரும் வருவார்கள். அவர் தோம்ப்ராவைத் தொட்டதும் விருந்தில் இருக்கும் ஆண்களுக்கு வெளியே போய் சிகரெட் பிடிக்கவேண்டும் என்று ஞாபகம் வரும். பிறந்ததிலிருந்து சிகரெட் தொடாதவர்களுக்கும் வரும். ஆனால் முகத்துக்கு நேராக ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரிய மனிதர், முத்திரை வேறு அவர் கையில். குழாய்க்கு இதெல்லாம் தெரியாது.

குளியலறைக் கதவு திறந்தது. தோக்தார்பாய் கழுத்தில் துண்டோடு வெளியே வந்தார். முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. அது வெந்நீரால் வந்த சிவப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"வாங்க சம்பந்தி, உட்காருங்க! ரபிகா, டீ ஊத்து!" என்று ஒமிர்ஸாக் எழுந்து ஓடினார்.

"வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன சம்பந்தி வேலை?"

"இருக்கு."

"ஒரு துண்டு ரொட்டியாவது..."

தோக்தார்பாய் மேசைமேல் இருந்த ரொட்டியைப் பார்த்தார். தொடவில்லை. வீடு பற்றி எரிந்தாலும் கிளம்புகிறவன் ஒரு துணுக்கு ரொட்டி பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். ஜென்மப் பகையாளிகூட வாயில் போட்டுக்கொண்டுதான் முறைப்பான். தோக்தார்பாய் ரொட்டியைத் தொடாமலே படியிறங்கினார்.

சாலிகாதான் அவசரமாக ஒரு துணுக்கைப் பிய்த்து மென்றுகொண்டே செருப்பை மாட்டினாள். "ஒண்ணும் கவலைப்படாதீங்க சம்பந்தி. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். எவ்வளவு தங்கமான மனசு என்று ஒமிர்ஸாக் உருகிப்போனார்.

கதவைச் சாத்தியதும் ரபிகா ஆரம்பித்தாள்.

"அந்த மனுஷன் குளிக்கப் போனா பாடுவாருன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா? கழட்டி வைக்கக் கூடாதா?"

"நீ கழட்டியிருக்கலாமே! நாலு மார்க்குக்காக நாள் முழுக்க உள்ளயே கிடக்கிறியே, உனக்குத் தோணலையா?"

"தேதி போச்சு. பொண்ணு கதி என்ன ஆகப்போகுதோ!"

"விடுங்கம்மா" என்றாள் ஷினார். பல்மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். எவ்வளவு அலறல் கேட்டாலும் குரலை உயர்த்த மாட்டாள். "கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். தானா சரியாகும்."

மகள் மனதுக்குள் அழுதுகொண்டு வெளியே தைரியமாக இருக்கிறாள் என்று ஒமிர்ஸாக் நினைத்தார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் சம்பந்தி வீட்டிலிருந்து சத்தமே இல்லை. நான்காம் நாள் அவரே போன் போட்டார்.

"ம்" என்றார் தோக்தார்பாய்.

"சம்பந்தி, அந்தக் குழாய்ல கோளாறு. இப்பத்தான் தெரிஞ்சுது. யார் பாடினாலும் இருபத்தி மூணைத் தாண்ட மாட்டேங்குது. எனக்கும் இருபத்தி மூணுதான்."



"போன வாரம் நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க, ரயில் லேட்டுன்னதுக்கே எண்பத்தெட்டுன்னு?"

"அது வந்து... அன்னைக்கு..."

"நான் முப்பத்தோரு வருஷமா பாடறேன். நீங்க ரயில் லேட்டுன்னு சொன்னீங்க. எண்பத்தெட்டு."

"சம்பந்தி, ரயிலும் ஒரு மாதிரி..."

"தோம்ப்ராவைத் தூக்கி அலமாரி மேல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு போனை மனைவி கையில் கொடுத்துவிட்டார்.

"நாலு நாளா வாயைத் திறக்கலை சம்பந்தி" என்றாள் சாலிகா. குரல் தழுதழுத்தது. "வீடு அவ்வளவு அமைதியா இருக்கு. கடிகாரம் ஓடற சத்தம்கூடக் கேக்குது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து எங்க வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. தப்பா நினைக்காதீங்க, கண்ணு கலங்குது."

ஒமிர்ஸாக்கின் கண்ணும் கலங்கியது.

மறுநாள் வேலையிலும் அவர் புத்தி நிலைகொள்ளவில்லை. "ஷிம்கென்ட் செல்லும் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் ரயில் இருபத்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று சொல்லிவிட்டார். தராஸ் நிலையத்தில் இருப்பது மூன்று நடைமேடை. ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு தண்டவாளத்தை எண்ணிக்கொண்டே சரக்குக் கிடங்கு வரை போய்விட்டது. நிலைய அதிகாரி கூப்பிட்டு, "உடம்பு சரியில்லைன்னா லீவு போடுங்க, ஜனங்களைப் பாலைவனத்துக்கு அனுப்பாதீங்க" என்றார்.

லீவு போட்டுவிட்டு ஒமிர்ஸாக் நேராக ஸ்லாவா கிம் வீட்டுக்குப் போனார். இரண்டு மாடி கீழே இருக்கும் கொரியாக்காரர். டிவி, போன், மாவு மிஷின், எது கொடுத்தாலும் பிரித்துவிடுவார். பாதியைத் திரும்பவும் பூட்டிவிடுவார்.

ஸ்லாவா குழாயைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"உள்ளே ஒரு சின்ன சில்லு இருக்கு. அதுதான் மார்க் போடுது. பாவம், உண்மையா போடுது."

"உண்மை வேண்டாம் ஸ்லாவா. மரியாதை வேணும்."

"எவ்வளவு மரியாதை?"

"நூத்துக்கு நூறு."

"யாருக்கு?"

"சம்பந்திக்கு மட்டும்."

"சம்பந்தி யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? போட்டா எல்லாருக்கும் நூறுதான்."

"போடு."

"கைதட்டலையும் கொஞ்சம் தூக்கி விடறேன். 'இன்னொரு தடவை! இன்னொரு தடவை!'ன்னு ஒரு கூச்சலும் சேர்த்துடறேன். செய்யறதை முழுசா செய்யணும் பாரு."

மாலையில் மாட்டினார்கள். சோதனை என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. ரபிகா ஆட்டுக்குடலைத் தொட்டியில் போட்டு அந்தக் குழாயாலேயே அலசிக்கொண்டு, "எலும்பை நிறுத்துக் குடுத்துட்டான் கடன்காரன், அவன் கை விளங்குமா" என்று கசாப்புக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரை மூடியதும், "நூற்றுக்கு நூறு!" என்றது குழாய். மைதானம் ஆர்ப்பரித்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூச்சல் போட்டது.

ரபிகா வெட்கத்தோடு வெளியே வந்தாள். "தாலாட்டுக்கு எழுபத்தாறுதான் குடுத்துச்சு. திட்டினதுக்கு நூறு குடுக்குதே!"

ஸ்லாவா உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்து ஒரு தும்மல் போட்டார். அதற்கும் நூறு.

"சரி" என்றார் ஒமிர்ஸாக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எல்லாரும் கேட்டுக்கோங்க. சம்பந்தி வீட்டுல இருக்கிற நேரத்துல, சம்பந்தியைத் தவிர வேற யாரும் அந்தக் குழாயைத் தொடக் கூடாது. கக்கூஸ் தனியா இருக்கறதுனால பொழைச்சோம்."

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்றாள் ஷினார். அவள் முகம் வெளுத்திருந்தது. "அது சொன்னது சொன்னதாவே இருக்கட்டுமே. தேதி கண்டிப்பா வரும்பா. அத்தை சொன்னாங்கல்ல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. அப்பா பார்த்துக்கறேன்."

பிறகு சந்தைக்குப் போனார். தோக்தார்பாய் வெள்ளை அங்கியில், தொங்கும் ஆடுகளுக்கு நடுவே நீல முத்திரையோடு நின்றிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சம்பந்தி, ஸ்லாவா கிம் குழாயைப் பிரிச்சுப் பார்த்தாரு. உள்ளே காது மாதிரி ஒண்ணு இருக்காம். நம்ம ஊர்த் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அதுல கட்டிக்கிட்டு அடைச்சிருந்துச்சாம். அன்னைக்கு நீங்க பாடினது அதுக்குச் சரியாவே கேக்கலை."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"கேக்கலையா?"

"பாதிதான் கேட்டிருக்கு. பாதிக்கே இருபத்தி மூணு போட்டிருக்குன்னா பார்த்துக்கோங்க!"

தோக்தார்பாய் ஒரே ஆட்டுக்கு இரண்டு முறை முத்திரை குத்தினார்.

"சனிக்கிழமை மத்தியானம் வர்றேன்" என்றார் கடைசியில். "குளிக்கத்தான். பாட மாட்டேன்."

சனிக்கிழமை ஒமிர்ஸாக் வீட்டில் ஆடு வெந்தது. மாவைப் பிசைந்து விரித்து வெட்டி வைத்திருந்தாள் ரபிகா. குளியல் முடிந்து சம்பந்தி உட்கார்ந்ததும் கொதிக்கும் சாற்றில் போடவேண்டியதுதான் பாக்கி. தோக்தார்பாயும் சாலிகாவும் வந்தார்கள். மிராஸுக்கு வேலை. சாலிகாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். கவலையில் சிலருக்கு முகம் இப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது என்று ஒமிர்ஸாக் பரிதாபப்பட்டார்.

தோக்தார்பாய் துண்டோடு உள்ளே போய்த் தாழ் போட்டார். தண்ணீர் விழுந்தது. ஐந்து நிமிடம் வேறு சத்தமில்லை. பிறகு ஒரு செருமல். ஒரு முனகல். முனகலுக்குள்ளே குதிரையின் தாத்தா மெல்லத் தலையை நீட்டினார்.

"பாடறாரு!" என்று ஒமிர்ஸாக் ரபிகாவின் கையைப் பிடித்தார்.

"மாவைப் போட்டுடட்டுமா?"

"இன்னும் முப்பத்தெட்டு சரணம் இருக்கு. இரு."

நாற்பதாவது சரணத்தில் குதிரை ஏழு மலை தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. திருகு மூடும் சத்தம் கேட்டது.

"நூற்றுக்கு நூறு!"

மைதானம் வெடித்தது. இன்னொரு தடவை என்று கத்தியது. மேல்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் தண்ணீர்க்குழாயில் கரண்டியால் அடித்தார். அதுவும் நேரத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

தோக்தார்பாய் மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். ஹாலின் தலைமை இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலை அவர் முன்னால் வந்தது. வழக்கப்படி ஒரு காதை அறுத்து இளையவளான ஷினாரிடம் நீட்டி, "கேட்டுக்கோம்மா, காது நல்லா இருக்கணும். காது அடைச்சா இருபத்தி மூணுதான் கேக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். ஒமிர்ஸாக்கும் ரபிகாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷினாரும் சாலிகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாலிகா, நீயும் போய் ஒண்ணு பாடிப் பாரேன்" என்றார் தோக்தார்பாய். "எத்தனை போடுதுன்னு பார்ப்போம்."

ஒமிர்ஸாக் பாதி எழுந்துவிட்டார். "தண்ணி நின்னு போச்சு சம்பந்தி!"

அடுக்களையில் ரபிகா குழாயைத் திறந்து பாத்திரம் அலசும் சத்தம் கேட்டது.

"அடுக்களைக்கு மட்டும் வருது" என்றார் ஒமிர்ஸாக்.

"விசித்திரமான வீடு" என்றார் தோக்தார்பாய். கை பிசுபிசுக்கிறது என்று அவர் எழப் பார்த்தபோது, ஒமிர்ஸாக் செம்பும் தட்டுமாக ஓடி வந்து உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவிவிட்டார். நகம் உட்பட. இப்படி ஒரு உபசாரத்தைத் தோக்தார்பாய் எங்கும் பார்த்ததில்லை. மனம் நிறைந்துபோய் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு கேப்பேன். மறுக்கக் கூடாது."

"கேளுங்க!"

"அந்தக் குழாய் என் மனசுக்குப் பிடிச்சுப் போச்சு."

மதிப்புக்குரிய விருந்தாளி ஒரு பொருளைக் காட்டி மனசுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டுவிட்டால், குதிரையானாலும் அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். மறுத்தால் அந்த வீட்டை ஊர் மதிக்காது. இவரோ இன்னும் தேதி சொல்லாத விருந்தாளி.

கொடுப்பதற்கு ஒமிர்ஸாக்குக்கு மனசு இருந்தது. ஆனால் அந்தக் குழாய் அவர்கள் வீட்டில் போய் மாட்டப்பட்டதும், சாலிகா இருமினால் நூறு. மிராஸ் மூக்கைச் சிந்தினால் நூறு. அரை நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். தோக்தார்பாய்க்கு ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் தேதியும் இல்லை, கல்யாணமும் இல்லை.

"குழாய் என்ன சம்பந்தி பெரிய குழாய்! பிரிட்ஜை எடுத்துக்கிட்டுப் போங்க!"

"என் வீட்டுல பிரிட்ஜ் இருக்கு."

"சுவத்துல தொங்குதே, அந்தக் கம்பளம்? ரபிகா சீதனமா கொண்டு வந்தது."

"ஏங்க!" என்று அடுக்களையிலிருந்து ரபிகாவின் குரல் வந்தது.

"என்னோட தோல் கோட்டு? ரெண்டு குளிர்காலம்தான் போட்டிருக்கேன்."

தோக்தார்பாயின் புருவம் ஏறியது. "குழாய் கேட்டவனுக்குக் கோட்டு காட்டறீங்க. என்னை என்ன, ஏழைபாழைன்னு நினைச்சீங்களா?"

"நமக்கு எதுக்குங்க அது?" என்று சாலிகா அவர் சட்டைக்கையை இழுத்தாள். "நம்ம வீட்டுல இருக்கிற குழாயே போதும்."

"நீ சும்மா இரு. நம்ம குழாய்க்கு என்ன தெரியும்?" தோக்தார்பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இன்னும் அரை நிமிடத்தில் ரொட்டியைத் தொடாமல் போய்விடுவார்.

"கொடுக்கறேன் சம்பந்தி! இதோ கழட்டறேன்!"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒமிர்ஸாக் குளியலறைக்குள் ஓடினார். திருகு இறுகியிருந்தது. முக்கினார். மிச்சமிருந்த தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. "ஹா...ஆ" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"நூற்றுக்கு நூறு!" என்றது கையிலிருந்த குழாய்.

ஒமிர்ஸாக் அதைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அமுக்கிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து மைதானம் கைதட்டியது. அப்படியே ஹாலுக்கு வந்தார்.

"என்ன சத்தம் அது?" என்றார் தோக்தார்பாய்.

"நீங்க பாடினதை நினைச்சு இன்னும் கைதட்டுது சம்பந்தி" என்றார் ஒமிர்ஸாக், முகத்தில் வழிந்த தண்ணீரோடு.

தோக்தார்பாய் குழாயை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி ரொட்டியைப் பிய்த்தார். துணுக்கு இல்லை, நல்ல பெரிய துண்டு. வாயில் போட்டு மென்று விழுங்கும்வரை ஒமிர்ஸாக் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்டு இருபத்திரண்டு" என்றார் தோக்தார்பாய். "சனிக்கிழமை. அறுநூறு பேரைக் கூப்பிடறோம்."

ரபிகா முந்திக்கொண்டு அழுதாள். ஒமிர்ஸாக் சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார்.

"இருங்க, முடிக்கலை. கல்யாணத்துக்கு அல்மாத்தியிலேர்ந்து நாலு பாட்டுக்காரங்களை வரவழைக்கணும்னு மிராஸ் சொல்லிக்கிட்டிருந்தான். வேண்டாம்னு சொல்லிடப் போறேன். கல்யாணத்துல பாடற ஆசையையே ஆறு நாளா விட்டிருந்தேன் சம்பந்தி. இனிமே யாரும் வேண்டாம். முதல் வாழ்த்துலேர்ந்து கடைசி வாழ்த்து வரைக்கும் நானே பாடறேன். நாற்பது சரணத்தை எண்பதா ஆக்கிடலாம்னு இருக்கேன்."

"ஆஹா!" என்றார் ஒமிர்ஸாக். யார் பாடினால் என்ன, தேதி வந்துவிட்டது.

தோக்தார்பாய் குழாயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, பாடிக்கொண்டே படியிறங்கினார். மாடிக்கு மாடி கதவுகள் திறந்து மூடிக்கொண்டன. சாலிகா வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். கை அசையவில்லை. இதுதான் சமயமென்று ஒமிர்ஸாக் குனிந்து அவள் காதோரம் சொன்னார்.

"சம்பந்தியம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தக் குழாய் இப்ப யார் தும்மினாலும் நூறுதான் சொல்லும். அவரு மனசு நோகக் கூடாதேன்னு ஸ்லாவா கிம்கிட்ட சொல்லி மாத்தி வச்சோம். அவரு வீட்டுல இருக்கும்போது மட்டும் நீங்க அதைத் தொடாம பார்த்துக்கோங்க."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தார். கீழே, இரண்டாம் மாடி வளைவில், குதிரையின் அப்பா பிறந்துகொண்டிருந்தார். சாலிகா கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட ஆண்டவனே! கல்யாணத்துல இந்த மனுஷன் பாடிடக் கூடாதுன்னு நானும் ஷினாரும் ஆறு கடை ஏறி இறங்கி வாங்கி, இவரு குளிக்க வர்றதுக்குன்னே உங்க வீட்டுல மாட்டி வச்ச குழாய் சம்பந்தி அது!"